முதுகில் தட்டி ஒரு 'கோ'

பரீட்சை நெருங்கினால் பள்ளிகளில் முதலில் பறிபோவது பி.டி. பீரியட்தான். மும்பையின் செம்பூர் வட்டாரத்தில் அந்த இழப்பு பெரியது. 1976-இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியேறிய சீட்டா கேம்ப்பில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்த நெருக்கமான சந்துகளில் எட்டு வயதுப் பிள்ளை கால் வீசி ஓட இடம் ஏது? 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரி 60 நிமிடம் உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மைதானத்தில் உடம்பு மட்டும் வளர்வதில்லை. 1914-இல் புனே டெக்கான் ஜிம்கானாவில் விதிகள் வகுக்கப்பட்ட கோ-கோவையே எடுத்துக்கொள்வோம். எட்டுப் பேர் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து வரிசையாகக் குந்தியிருப்பார்கள். ஒன்பதாவது ஆள் துரத்த வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. கம்பத்தை எட்டும்வரை திசை மாறவும் கூடாது. துரத்தப்படுபவள் கைக்கெட்டும் தூரத்தில் மறுபக்கம் நழுவிவிட்டால், குந்தியிருக்கும் தோழியின் முதுகில் தட்டி 'கோ' சொல்லிவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். 'நானே பிடிப்பேன்' என்ற ஆத்திரத்தை அந்த நொடியிலேயே விழுங்கியாக வேண்டும். குந்தியிருப்பவளுக்கு வேறு சோதனை: 'கோ' வருமுன் பதறி எழுந்தால் தப்பாட்டம்.

தன் மனநிலையையும் அடுத்தவர் மனநிலையையும் இனங்கண்டு, அதற்கேற்ப யோசித்து நடக்கும் திறனை மனவெழுச்சி நுண்ணறிவு என 1990-இல் விளக்கினார்கள் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள். அதைப் பிள்ளைகள் பழகுவதற்குக் கோ-கோ களத்தைவிட வகுப்பறை தோதான இடமில்லை.

மும்பையில் விளையாட்டின் இந்தப் பலனை நம்பித் தொடங்கப்பட்டதுதான் 'மேஜிக் பஸ்'. ரக்பி ஆட்டக்காரரான மாத்யூ ஸ்பேசி தெருவோரப் பிள்ளைகளை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார். 1999-இல் அது அமைப்பாக உருவெடுத்தது. அங்கே ஆட்டத்தோடு அதைப் பற்றிய பேச்சும் பாடத்தின் பகுதி.

அந்தப் பேச்சு முக்கியம். விளையாட்டு தானாக எந்தக் குணத்தையும் ஊட்டிவிடாது. தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவைக்கப்படும் பிள்ளை ஓட்டத்தையே வெறுக்கும். தோற்ற அணியைக் கேலி செய்ய விட்டால் கேலிதான் பழகும். ஆட்டம் முடிந்ததும் பி.டி. மாஸ்டர் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, "அவுட் ஆனதும் உனக்கு எப்படி இருந்தது? பக்கத்தில் இருந்தவன் என்ன சொன்னான்?" என்று கேட்கப் பத்து நிமிடம் போதும். இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுக்கும்போது கடைசிவரை யாரும் கூப்பிடாமல் ஒரு பிள்ளை நிற்குமே, அந்த வேதனையைத் தவிர்க்க அந்தப் பத்து நிமிடம்கூட வேண்டாம்: வரிசையில் நிறுத்தி 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணவிட்டு அணி பிரித்தாலே போதும்.