மாணாக்கர் வடிவங்களுக்கு அபிப்பிராயம் கூறும் முறை

நெசவு வடிவமைப்புப் பயிலும் மாணாக்கர் சிலர், தம் இறுதியாண்டு வேலையை நெசவாளர் சங்கத்தில் வைத்து விளக்கிக் காட்டுவதுண்டு. அப்போது அங்கத்தினரிடம் அபிப்பிராயம் கேட்கப்படும். அபிப்பிராயம் கூறுவது எளிய செயலாகவே தோன்றும். ஆயினும் பாவு தோய்வதற்கு ஒரு முறை இருப்பதுபோல் இதற்கும் ஒரு முறை உண்டு. அதனை நாம் கற்றது ஒரு நஷ்டத்தின் வாயிலாகத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் தணிக்கைக்குச் சென்றிருந்த ஒரு சங்கத்தில், மாணவி ஒருவர் ஆறு சேலை வடிவங்களைச் சுவரில் மாட்டி விளக்கினார். அவர் முடித்ததும் ஓர் அங்கத்தினர், "இது விலைபோகாது" என்றார். மற்றொருவர், "எல்லாம் நன்றாகவே இருக்கிறது, அம்மா" என்றார். நேரமாகிவிட்டதென்று நாமும் பின்னவர் கூற்றையே ஆமோதித்து எழுந்துவிட்டோம். அவ்வடிவங்களுள் ஒன்றைச் சங்கம் ஒரு பாவு முழுவதும் நெய்வித்தது. புட்டாவின்மேல் ஊடை இழை நீண்டு மிதந்தமையால், உடுத்தியவர்களின் வளையலிலும் மெட்டியிலும் சிக்கி அறுந்தது. சேலைகள் திரும்பி வந்தன. கூட்டத்தில் மௌனமாயிருந்த முதிய நெசவாளர் ஒருவர் பின்னர் நம்மிடம், "அன்றைக்கே கண்டேன், ஐயா. படித்த பிள்ளைக்கு நாம் என்ன சொல்வதென்று இருந்துவிட்டேன்" என்றார். கண்டித்தவரும் புகழ்ந்தவரும் மாணவிக்கு ஒன்றும் தரவில்லை. தரக்கூடியவரோ வாய் திறக்கவில்லை.

முதலாவதாக, தீர்ப்புக் கூறுமுன் நோக்கத்தைக் கேட்டறிதல் வேண்டும். இச்சேலை யாருக்கு? எந்த விலைக்கு? எத்தறியில் நெய்வதற்கு? 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க வடிவமைப்பாளர் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில் நம் நாட்டுச் செம்பைப் பெரிதும் வியந்தனர். அது எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், தலையிலா இடுப்பிலா சுமக்கப்படும், எளிதில் கழுவ இயலுமா, விலை என்ன ஆகும் என்றெல்லாம் வினவிப் பார்த்தனர். அவ்வறிக்கையைத் தொடர்ந்தே 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. செம்புக்கு ஏற்ற வினாக்கள் சேலைக்கும் ஏற்றவையே.

இரண்டாவதாக, நல்லதைக் காரணத்தோடு கூறல் வேண்டும். "அழகாயிருக்கிறது" என்றால் எதைக் காப்பாற்றுவதென்று மாணாக்கர் அறியார். "கரையின் அரக்கு நிறம் உடலின் மஞ்சளை எடுத்துக் காட்டுகிறது, இதை மாற்ற வேண்டாம்" என்றால் அறிவார்.

மூன்றாவதாக, குறையை இடமும் அளவும் காட்டிக் கூறல் வேண்டும். அங்குலத்துக்கு 80 பாவு இழைகள் உள்ள துணியில் ஊடை 40 இழைகளைத் தாண்டி மிதந்தால், அம்மிதப்பு அரை அங்குலம். அது சிக்கும் என்பதை எவரும் ஒப்புவர். அவ்வாறே, கொக்கிக்கு ஓர் இழை வீதம் கட்டிய 240 கொக்கி ஜக்கார்டில், கிராப் தாளில் 300 கட்டம் அகலமாக வரைந்த பூ அடங்காது. "60 கட்டம் மிகுதி, இக்கொடியைக் குறுக்க இயலுமா?" என்று கேட்பதே முறை. "உனக்குத் தறி தெரியாது" என்பது முறையன்று. குறை துணியைப் பற்றியதாக இருக்கட்டும். ஆளைப் பற்றியதாக வேண்டாம்.

நான்காவதாக, முக்கியமான இரண்டொரு குறைகளோடு நிறுத்தி, திருத்தும் வழியை மாணாக்கரே தேட விடல் வேண்டும். பத்துக் குறைகளை ஒருங்கே அடுக்கினால் எதை முதலில் திருத்துவதென்று அவர் தடுமாறுவார். திருத்தியபின் ஒரு முழம் மாதிரி நெய்து காட்டச் சொல்லலாம். ஒரு முழத்தில் வெளிப்படும் பிழை ஒரு பாவைக் காப்பாற்றும்.

களை எடுப்பவர் பயிரின் வேரைக் கலைப்பதில்லை. அதற்காகக் களையை விட்டுவைப்பதுமில்லை. பயிரிடும் அங்கத்தினர்க்கு இதை நாம் கூற வேண்டுவதில்லை. மாணாக்கர் தம் கல்லூரியில் பெற இயலாத ஒன்று, நாற்பதாண்டு தறியில் அமர்ந்தவரின் கண். அடுத்த முறை ஒரு மாணாக்கர் தம் தாள்களோடு சங்கத்துக்கு வரும்போது, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியவரை முன்னழைத்து முதலில் அவர் கருத்தைக் கேட்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.