தலைவரா? தலைக்கனமா? 5 மோதிர வீரர் கோபி பற்றி ஓயாத சண்டை

ஆள் மறைந்து வருஷங்கள் ஓடி விட்டன. ஊர் நடுவில் சிலையும் வைத்தாகி விட்டது. ஆனால் அவர் பேரைச் சொல்லி நடக்கும் சண்டை மட்டும் ஓய்ந்தபாடு இல்லை.

அமெரிக்காவில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கூடைப்பந்து ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும். கோபி பிரையன்ட் பேச்சு வந்து விடும். பேச்சு வந்தால் வாக்குவாதமும் வந்து விடும்.

"அணியைத் தூக்கி நிறுத்திய தலைவர்" என்பார் ஒருவர். "தலைவராவது! தலைக்கனம் பிடித்த ஆளு" என்பார் இன்னொருவர். அப்புறம் கேட்க வேண்டுமா? விடிய விடிய கச்சேரி தான்.

யார் இந்த கோபி?

பெயரைப் பார்த்து நம்ம ஊர் கோபி என்று நினைத்து விட வேண்டாம். ஜப்பானில் கோபி என்று ஒரு நகரம் இருக்கிறது. அந்த ஊர் மாட்டிறைச்சி உலகப் பிரசித்தம். ஓட்டல் சாப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்த பெற்றோர், ஆசைப்பட்டு பிள்ளைக்கு அதையே வைத்து விட்டார்கள்.

தகப்பனாரும் கூடைப்பந்து ஆட்டக்காரர். பையன் 1996-ம் ஆண்டு பள்ளிக்கூடத்தில் இருந்து நேராகத் தொழில் ஆட்டத்துக்கு வந்து விட்டான். காலேஜ் வாசலையே மிதிக்கவில்லை. அப்போது வயது 17.

லாஸ் ஏஞ்சல்ஸ் 'லேக்கர்ஸ்' அணியில் 20 வருஷம் ஆடினார். வேறு அணிக்குப் போகவே இல்லை. மொத்தம் 33 ஆயிரத்து 643 புள்ளிகள். 5 தடவை சாம்பியன்.

கோப்பை ஜெயித்த அணியில் ஆளுக்கு ஒரு மோதிரம் போடுவது அங்கே வழக்கம். கோபிக்கு 5 மோதிரம். சண்டையே இந்த 5 மோதிரத்தில் தான்.

மோதிரக் கணக்கு

கோபி சேர்ந்த அதே 1996-ல் லேக்கர்ஸ் இன்னொரு ஆளையும் அழைத்து வந்தது. அவர் பெயர் ஷகீல் ஓநீல். ரசிகர்கள் சுருக்கமாக 'ஷாக்' என்பார்கள். உயரம் 7 அடி 1 அங்குலம். எடை 136 கிலோவுக்கும் மேல். 7 வருஷத்துக்கு 12 கோடி டாலர் சம்பளம் பேசிக் கூட்டி வந்தார்கள்.

2000, 2001, 2002 என்று வரிசையாக 3 வருஷம் லேக்கர்சுக்குக் கோப்பை. மூன்று தடவையும் இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் ஷாக்குக்குத் தான் போனது.

"அந்த மூணு மோதிரமும் ஷாக் போட்ட பிச்சை" என்கிறது ஒரு கட்சி.

கோபி கட்சி சும்மா விடுமா? "2000-ம் வருஷ இறுதிப் போட்டியில் 4-வது ஆட்டத்தை மறந்துட்டியா?" என்று பாய்கிறார்கள்.

அன்றைக்கு இண்டியானா அணியுடன் ஆட்டம். சம புள்ளியில் முடிந்து கூடுதல் நேரம் ஆட வேண்டி வந்தது. 6 தவறு செய்து விட்டதால் ஷாக்கை வெளியே அனுப்பி விட்டார்கள். 21 வயது கோபி, கணுக்காலில் அடிபட்ட நிலையிலும், கூடுதல் நேரத்தில் மட்டும் 8 புள்ளி எடுத்து ஆட்டத்தை முடித்து வைத்தார். லேக்கர்ஸ் 120, இண்டியானா 118.

இன்னொரு விஷயம். எதிரணி தவறு செய்தால் யாரும் மறிக்காமல் நின்ற இடத்தில் இருந்து கூடையில் போட வாய்ப்பு தருவார்கள். இதற்கு 'பிரீ த்ரோ' என்று பெயர். ஷாக் இதில் இரண்டுக்கு ஒன்றுதான் போடுவார். கடைசி நிமிஷத்தில் அவரிடம் பந்து போனால் சொந்த ரசிகர்களே நெஞ்சைப் பிடித்துக் கொள்வார்கள். அந்த நேரத்தில் கை கொடுத்தவர் கோபி தான்.

ஒரே உறையில் 2 கத்தி

கோபி அதிகாலையில் எழுந்து பயிற்சி எடுப்பவர். மற்றவர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். ஷாக் ஜாலி ஆசாமி. 2002-ல் கால் விரல் ஆபரேஷனை, சீசன் தொடங்கப் போகும் நேரம் வரை தள்ளிப் போட்டார். முதல் சில ஆட்டங்களுக்கு அவர் வரவில்லை. அந்த சீசனில் கோப்பையும் போயிற்று.

"உடம்பை ஒழுங்கா வச்சுக்கலை" என்று கோபி தரப்பு குறை சொன்னது. "பந்தை யாருக்கும் தர மாட்டேங்கிறான்" என்று ஷாக் தரப்பு பொருமியது. பேட்டிகளில் இருவரும் ஒருவரை ஒருவர் தாக்கிக் கொண்டார்கள்.

2004 இறுதிப் போட்டியில் டெட்ராய்ட் அணியிடம் 4-க்கு 1 என்ற கணக்கில் லேக்கர்ஸ் மண்ணைக் கவ்வியது. அந்தப் போட்டியில் ஷாக் கூடையை நோக்கி எறிந்ததில் 100-க்கு 63 உள்ளே போனது. கோபிக்கு 100-க்கு 38 தான். ஆனாலும் அதிக தடவை எறிந்தவர் கோபி! எதிர்க்கட்சி கையில் வைத்திருக்கும் பெரிய ஆயுதம் இதுதான்.

அடுத்த மாதமே அணி உடைந்தது. ஜூலை 14-ந் தேதி ஷாக் மியாமி அணிக்கு அனுப்பப்பட்டார். மறுநாளே கோபிக்கு 7 வருஷத்துக்கு 13 கோடியே 60 லட்சம் டாலரில் ஒப்பந்தம். பயிற்சியாளர் பில் ஜாக்சன் அதற்கு முன்பே விலகி விட்டார். "இவரைப் பயிற்றுவிக்கவே முடியாது" என்று கோபி பற்றிப் புத்தகமும் எழுதினார்.

கோபி தான் ஷாக்கை விரட்டினாரா? கோபி இல்லை என்றே சொல்லி வந்தார். முதலாளிக்கும் ஷாக்குக்கும் சம்பளத் தகராறு இருந்தது உண்மை. 2003-ல் ஹவாயில் நடந்த ஒரு ஆட்டத்தில் ஷாக் முதலாளியைப் பார்த்தே "காசு கொடு" என்று கத்தினார். ஆகவே பழி முழுவதையும் ஒரே தலையில் கட்டுவது நியாயம் ஆகாது.

கோர்ட்டு வழக்கு

கோபி ரசிகர்கள் பேச விரும்பாத விஷயம் ஒன்று உண்டு. 2003 ஜூலையில் கொலராடோ மாநிலத்தில் அவர் மீது போலீஸ் வழக்கு வந்தது. ஓட்டல் ஊழியரான 19 வயதுப் பெண்ணைக் கற்பழித்ததாகக் குற்றச்சாட்டு. கோபிக்கு அப்போது கல்யாணம் ஆகி ஒரு குழந்தை.

சம்மதத்தோடு தான் நடந்தது என்று கோபி மறுத்தார். 2004 மே 11-ந் தேதி பகலில் கோர்ட்டில் ஆஜராகி, "நான் குற்றவாளி அல்ல" என்றார். விமானம் ஏறி லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து அன்று இரவே 42 புள்ளி எடுத்தார்.

"பார்த்தியா நெஞ்சுரத்தை!" என்று அன்றைக்குக் கை தட்டியவர்கள் ஆயிரம் பேர். அந்தப் பெண்ணின் நிலைமை என்ன என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர் தான்.

சாட்சி சொல்ல அந்தப் பெண் வரவில்லை. செப்டம்பர் 1-ந் தேதி வழக்கு தள்ளுபடி ஆனது. "நான் சம்மதம் என்று நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை என்பதை இப்போது உணர்கிறேன்" என்ற கருத்தில் கோபி மன்னிப்பு அறிக்கை விட்டார். நஷ்ட ஈடு வழக்கு 2005-ல் சமரசம் ஆனது. மோதிரங்களை எண்ணும்போது இந்தப் பக்கத்தையும் புரட்டித்தான் ஆக வேண்டும் என்று சொல்லும் ரசிகர்களும் உண்டு.

81-ம் உண்டு, 1-ம் உண்டு!

ஷாக் போனபின் லேக்கர்ஸ் கதை கந்தலானது. முதல் வருஷம் 34 வெற்றி, 48 தோல்வி. அடுத்த வருஷம் பில் ஜாக்சனையே கூப்பிட்டு வந்தார்கள்.

2006 ஜனவரி 22-ல் டொரன்டோ அணிக்கு எதிராக கோபி ஒருவரே 81 புள்ளி குவித்தார். 1962-ல் வில்ட் சேம்பர்லேன் எடுத்த 100 புள்ளிக்கு அடுத்தபடி, அன்றைய தேதிக்கு அதுதான் பெரிய கணக்கு. ஊரே கொண்டாடியது.

அதே வருஷம் மே மாதம் பீனிக்ஸ் அணியுடன் வாழ்வா சாவா ஆட்டம். முதல் பாதியில் கோபி 23 புள்ளி. இரண்டாம் பாதியில் 3 தடவை தான் கூடையை நோக்கி எறிந்தார். எடுத்தது 1 புள்ளி. லேக்கர்ஸ் 121-90 என்று படுதோல்வி.

"பந்தை பாஸ் பண்ணலைன்னு திட்டினீங்களே, இந்தா பாரு என்று வேணும்னே சும்மா நின்னாரு" என்கிறது எதிர்க்கட்சி. "கோச் சொன்ன திட்டப்படி மற்றவங்களுக்குக் கொடுத்தாரு. அவங்க போடலைன்னா இவர் என்ன செய்வாரு?" என்கிறது கோபி கட்சி. இந்த ஒரு ஆட்டத்தை வைத்து இன்று வரை வாய்ச்சண்டை நடக்கிறது.

அந்த வருஷம் மியாமியில் ஷாக் 4-வது மோதிரம் வாங்கினார். வெந்த புண்ணில் வேல். 2007-ல் கோபி ரேடியோவிலேயே "என்னை வேறு அணிக்கு அனுப்பி விடுங்கள்" என்று சொல்லி விட்டார்.

பாஸ் கொடுத்தார், கோப்பை வந்தது

2008 பிப்ரவரியில் ஸ்பெயின் நாட்டு வீரர் பாவ் காசோல் வந்து சேர்ந்தார். நெட்டையான ஆள், நிதானமான ஆட்டம், சண்டைக்கு வராத குணம். கோபிக்கு ஏற்ற ஜோடி. அந்த வருஷம் இறுதிப் போட்டியில் பாஸ்டனிடம் தோற்றாலும், 2009-ல் ஆர்லாண்டோவை வீழ்த்தினார்கள். ஷாக் இல்லாமல் முதல் மோதிரம்.

2010 ஜூன் 17. மறுபடியும் பரம எதிரி பாஸ்டன். 7-வது ஆட்டம். அன்று கோபிக்குக் கை ஓடவே இல்லை. 24 தடவை எறிந்து 6 தான் உள்ளே போனது. லேக்கர்ஸ் ஒரு கட்டத்தில் 13 புள்ளி பின்தங்கி இருந்தது.

ஆனால் கோபி அன்று வேறு வேலை செய்தார். கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தை எகிறிப் பிடிப்பது, நெட்டை ஆட்களின் வேலை. அதை 15 தடவை செய்தார். கடைசி நிமிஷத்தில் பந்தை ரான் ஆர்டெஸ்டுக்குப் பாஸ் கொடுத்தார். ஆர்டெஸ்ட் தூரத்தில் இருந்து வீசிய பந்து 3 புள்ளி. லேக்கர்ஸ் 83, பாஸ்டன் 79.

ஆட்டம் முடிந்ததும் ஆர்டெஸ்ட் நிருபர்களிடம், "கோபி எனக்குப் பாஸ் கொடுத்தார்!" என்று குழந்தை போலக் குதித்தார். அது அவ்வளவு அதிசயம்!

கோபி என்ன சொன்னார் தெரியுமா? ஷாக்கை விட எனக்கு ஒரு மோதிரம் கூடுதல் என்று சொல்லிச் சிரித்தார். கோப்பை கையில் இருக்கும்போதும் மனசுக்குள் அந்தக் கணக்கு தான் ஓடிக்கொண்டு இருந்திருக்கிறது.

சம்பளத் தகராறு

2013 நவம்பரில், குதிகால் நரம்பு அறுந்து ஆட முடியாமல் இருந்த கோபிக்கு 2 வருஷத்துக்கு 4 கோடியே 85 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு அணி தரும் மொத்தச் சம்பளத்துக்கு அங்கே உச்சவரம்பு உண்டு. ஒருவரே பெரும் பங்கை எடுத்தால் மற்ற நல்ல ஆட்டக்காரர்களை அழைக்க முடியாது.

"டிம் டங்கனைப் பார்" என்கிறார்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். சான் அன்டோனியோ அணியின் டங்கனுக்கும் 5 மோதிரம். அவரும் கடைசி வரை ஒரே அணி. 2012-ல் சம்பளத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துக் கொண்டார். 2014-ல் மோதிரம் வாங்கினார். "முதலாளி தானா கொடுத்த பணத்தை வேணாம்னு யார் சொல்லுவா? அரங்கம் நிறைஞ்சது யாராலே?" என்பது கோபி கட்சியின் பதிலடி.

கோபியின் கடைசி சீசனில் லேக்கர்ஸ் 82 ஆட்டத்தில் ஜெயித்தது 17 தான். கடைசி ஆட்டம் 2016 ஏப்ரல் 13. அன்று 50 தடவை எறிந்து 60 புள்ளி எடுத்தார். ஆட்டமும் ஜெயித்தது. இரண்டு கட்சியும் அதையே சாட்சிக்கு இழுக்கிறது!

கோர விபத்து

2020 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் ஜியானாவின் கூடைப்பந்து ஆட்டத்துக்காக ஹெலிகாப்டரில் போனார் கோபி. பனி மூட்டத்தில் கலபாசாஸ் மலையில் ஹெலிகாப்டர் மோதி நொறுங்கியது. கோபி, 13 வயது ஜியானா உட்பட 9 பேரும் பரிதாபமாக இறந்தார்கள். கோபிக்கு வயது 41.

அன்று காலையில் கோபி ஒரு பையனுக்கு, நலமா என்று விசாரித்துச் செய்தி அனுப்பி இருந்தார். அந்தப் பையன் ஷாரீப். ஷாக்கின் மகன்! பழைய பகை அதற்கு முன்பே கரைந்து போய் இருந்தது.

பிப்ரவரி 24-ல் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் ஷாக் ஒரு பழைய கதையைச் சொன்னார். "டீம் என்ற வார்த்தையில் 'ஐ' என்ற எழுத்தே கிடையாது, அங்கே 'நான்' என்பதற்கு இடம் இல்லை" என்று கோபிக்குப் புத்தி சொல்லப் போனாராம். "ஆனா 'எம்', 'ஈ' இருக்கே! சேர்த்தா 'மீ' ஆச்சே, நான் இருக்கேனே!" என்று கோபி மடக்கி விட்டாராம். அழுதுகொண்டு இருந்த கூட்டம் சிரித்து விட்டது.

தீர்ப்பு என்ன?

இரண்டு கட்சி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. "என்னால் முடியும்" என்ற அந்த வெறி இல்லாவிட்டால், 21 வயசுப் பையன் இறுதிப் போட்டியைக் கையில் எடுத்திருக்க மாட்டான். அதே வெறி தான் ஷாக்கோடு ஒத்துப் போக விடாமல் செய்தது. சேர்ந்தே இருந்திருந்தால் மோதிரம் 5-ல் நின்றிருக்குமா?

ஒன்று மட்டும் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது. தனி ஆளாக நின்ற வருஷங்களில் கோபிக்கு 81 புள்ளி வந்தது. கோப்பை வரவில்லை. ஐந்து மோதிரமும் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் நின்றபோது வந்தவை தான்.

லேக்கர்ஸ் அரங்கின் வாசலில் 2017-ல் ஷாக்குக்குச் சிலை வைத்தார்கள். அன்று கோபியே நேரில் வந்து வாழ்த்திப் பேசினார். 2024 பிப்ரவரி 8-ல் அதே வாசலில் கோபிக்கும் சிலை திறந்தார்கள். "பயிற்றுவிக்க முடியாது" என்று எழுதிய பில் ஜாக்சன் வந்து பேசினார்.

கட்சி கட்டிச் சண்டை போடும் ரசிகர்கள், ஆட்டம் பார்க்க அந்த வாசலுக்கு வந்தால் இரண்டு சிலையையும் பார்த்து விட்டுத்தான் உள்ளே போக வேண்டி இருக்கிறது.