பழைய கேமரா, புதிய ஃபிலிம் – 7: பாதரசம் போன பிறகு

நல்ல வெயிலில் எடுத்த சூப்பர் 8 ஃபிலிம் கழுவி வந்ததும் ஓட்டிப் பார்க்கிறோம். காட்சி முழுக்க இருண்டு கிடக்கிறது. சந்தேகம் முதலில் ஃபிலிம் மேல் போகிறது, பிறகு லேப் மேல். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் பகுதி நினைவுக்கு வருவதற்குள் இன்னொரு கார்ட்ரிட்ஜும் பாழாகிவிடுகிறது. ஒரு கார்ட்ரிட்ஜில் இருப்பது 50 அடி ஃபிலிம். நொடிக்கு 18 பிரேம் வேகத்தில் 3 நிமிடம் 20 நொடிதான் ஓடும். இன்றைய விலைக்கு ஒன்றைக்கூட வீணாக்க மனம் வராது. சென்ற வாரம் மோட்டாரைப் பார்த்தோம். இந்த வாரம் எக்ஸ்போஷர்.

1965இல் கோடாக் சூப்பர் 8ஐ அறிமுகப்படுத்தியபோது மனதில் வைத்திருந்தது பிறந்தநாளையும் சுற்றுலாவையும் படமெடுக்கும் குடும்பங்களை. அவர்கள் அப்பர்ச்சர் எண்களோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. வெளிச்சத்துக்கேற்ப லென்ஸின் துவாரத்தை விரிப்பதும் சுருக்குவதும் கேமராவின் பொறுப்பு. அதற்கு முந்தைய 8 மி.மீ. கேமராக்களிலேயே இந்த வசதி வந்துவிட்டது. 1963 நவம்பர் 22 அன்று டாலஸில் கென்னடி சுடப்பட்டதைப் பதிவுசெய்த ஏபிரகாம் ஜாப்ரூடரின் பெல் அண்ட் ஹவல் கேமராவிலும் ஒரு ‘மின்கண்’ இருந்தது. அந்தத் தலைமுறைக் கேமராக்களில் பெரும்பாலும் செலினியம் செல். வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரம் தரும், பேட்டரி வேண்டாம்.

சூப்பர் 8 காலத்தில் அந்த இடத்துக்கு காட்மியம் சல்பைடு செல் வந்தது. மங்கலான வெளிச்சத்தையும் உணரக்கூடியது. ஆனால் தானாக மின்சாரம் தராது. வெளிச்சம் கூடக்கூட இதன் மின்தடை குறையும், அவ்வளவுதான். மின்சாரத்துக்குத் தனியாக பேட்டரி வேண்டும். என் மேசைக்கு வரும் எக்ஸ்போஷர் பழுதுகளில் பெரும்பகுதி இந்த பேட்டரியில்தான் தொடங்குகிறது.

மியூனிக்கில் தயாரான பிரான் நிசோ எஸ் 560 கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு ஆறு பென்சில் பேட்டரி, லைட் மீட்டருக்குத் தனியாக இரண்டு பிஎக்ஸ் 625 பட்டன் செல். 1967இல் வந்த கேனன் ஆட்டோ ஜூம் 814இலும் இதே ஏற்பாடு; மீட்டருக்கு இரண்டு பாதரச செல். ஒவ்வொன்றும் 1.35 வோல்ட். பாதரச செல்லின் பெரிய குணம், தீரும் தறுவாய் வரை வோல்ட்டேஜ் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்பது. அதை நம்பியே பொறியாளர்கள் பல மீட்டர்களில் வோல்ட்டேஜைச் சீராக்கும் பாகமே வைக்கவில்லை. பாதரசம் மண்ணிலும் நீரிலும் சேரும் நஞ்சு என்பதால் அந்த செல்கள் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. அமெரிக்காவில் 1996இல் சட்டமே வந்தது. அது சரியான முடிவு. ஆனால் கேமராக்கள் பழைய வோல்ட்டேஜையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இன்று கடையில் அதே அளவில் கிடைப்பது 1.5 வோல்ட் ஆல்கலைன். இரண்டைப் போட்டால் 2.7 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 3 வோல்ட். காட்மியம் சல்பைடு செல் வழியே கூடுதல் மின்சாரம் பாய்கிறது. வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் எடுத்துக்கொண்டு துவாரத்தைச் சுருக்குகிறது. படம் இருள்கிறது. பேட்டரி பழசாகும்போது வோல்ட்டேஜ் இறங்கி, இந்தப் பிழையின் அளவும் மாதத்துக்கு மாதம் மாறும். இப்போது பலரும் பயன்படுத்தும் கலர் நெகட்டிவ், ஒளி கூடினால் தாங்கிக்கொள்ளும். குறைந்தால் நிழல் பகுதிகளில் எதுவும் பதியாது. மாற்று பேட்டரி இழுப்பதோ குறைவான ஒளியின் பக்கம்தான்.

காதுக்கருவிக்கு விற்கும் 675 துத்தநாகக் காற்று செல் 1.4 வோல்ட், போதுமான அளவு நெருக்கம். 15.6 மி.மீ. அகல அறையில் 11.6 மி.மீ. செல் ஆடும் என்பதால் சுற்றிலும் ரப்பர் வளையம் வேண்டும். ஸ்டிக்கரை உரித்ததுமே ஆயுள் கரையத் தொடங்கிவிடும். கேமராவை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சில வாரங்களில் மாற்ற வேண்டிவரும். நான் பரிந்துரைப்பது 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு செல்லும், செல்லுக்கு ஒன்றாக நடுவே ஷாட்கி டயோடும். டயோடு ஏறத்தாழ 0.2 வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். செல்லும் கடைசிவரை நிலையாக நிற்கும்.

புது பேட்டரி போட்டும் முள் அசையவில்லையா? பேட்டரி அறையின் தகடுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைக் களிம்போ வெள்ளைப் பொடியோ இருந்தால், ஆல்கலைன் கசிவுக்கு பஞ்சுக் குச்சியில் ஒரு துளி வினிகர் போதும். துடைத்து, ஸ்பிரிட்டால் காயவைத்து, மல்டிமீட்டரால் தகட்டில் வோல்ட்டேஜ் வருகிறதா என்று சோதியுங்கள். களிம்பு சில சமயம் வயரின் உறைக்குள்ளேயே ஏறிப் போயிருக்கும். வெளியில் பளிச்சென்று இருக்கும் வயர், வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுத்திருக்கும்.

மின்சாரம் வருகிறது, ஆனாலும் முள் நிற்கிறது என்றால் அடுத்தது மீட்டர். பல கேமராக்களில் கால்வனாமீட்டரின் முள்ளோடு மெல்லிய இரண்டு தகடுகள் இணைந்திருக்கும். ஒவ்வொன்றிலும் நீர்த்துளி வடிவ ஓட்டை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று நகரும்போது நடுத்துவாரம் விரியும், சுருங்கும். மீட்டரை அணைத்துவிட்டு, வியூஃபைண்டரில் முள்ளைப் பார்த்தபடி கேமராவை மெல்லப் பக்கவாட்டில் சாயுங்கள். சரியான மீட்டரின் முள் மயிரிழையாவது ஆடும். துளியும் ஆடாவிட்டால் எங்கோ சிக்கியிருக்கிறது. பிறகு மீட்டரை மீண்டும் போட்டு, கதவைத் திறந்து, ஃபிலிம் இல்லாமல் மோட்டாரை ஓட்டி, லென்ஸை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, ஃபிலிம் கேட்டின் சின்னச் செவ்வகம் வழியே பாருங்கள். சிமிட்டும் வெளிச்சத்தின் நடுவே துவாரம் தெரியும். லென்ஸ் முன் கையை வைத்து எடுத்தால் அது விரிந்து சுருங்க வேண்டும்.

சிக்கிய மீட்டரில் தயவுசெய்து எந்த எண்ணெய் ஸ்பிரேயும் அடிக்காதீர்கள். எண்ணெய் தகடுகளுக்கு இடையே படர்ந்து இரண்டையும் ஒட்டிவிடும்; உயிர்பெற்றிருக்க வேண்டிய கேமராக்கள் இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன. பக்கவாட்டில் விரல் நுனியால் லேசாகத் தட்டுவதே முதல் மருந்து. அதற்கும் அசையாவிட்டால் பிரிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இன்னும் இரண்டு சோதனைகள். டங்ஸ்டன் ஃபிலிமை வெயிலில் எடுக்க உள்ளே ஓர் ஆரஞ்சு ஃபில்டர் உண்டு. அது குடிப்பது மூன்றில் இரண்டு ஸ்டாப். விலகாமல் பாதியில் நின்றால் பிரேமின் ஒரு பகுதி மட்டும் ஆரஞ்சாக வரும். அடுத்து, ஃபிலிமின் வேகத்தைக் கேமரா அறிவது கார்ட்ரிட்ஜின் வெட்டை வைத்து. எளிய கேமராக்களுக்குத் தெரிந்தது 40, 160 மட்டுமே. 200 வேக நெகட்டிவை 160 என்று படிப்பதால் சற்றே கூடும் ஒளி நெகட்டிவுக்கு நல்லதுதான். காலி அறையில் முள் காட்டுவதை நம்பாமல், பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்றைச் செருகி அளந்து, செல்போன் லைட் மீட்டரோடு ஒப்பிடுங்கள். 18 பிரேமுக்கு ஷட்டர் பொதுவாக 1/40 நொடியை ஒட்டி. லென்ஸின் ஒளியில் ஒரு பங்கை வியூஃபைண்டருக்குப் பிரித்துக்கொடுக்கும் கேமராவில் அரை ஸ்டாப் வித்தியாசம் பழுதல்ல.

செலினியம் செத்துப்போன கேமராவுக்கு மட்டும் பேட்டரி வைத்தியம் கிடையாது. கையால் அப்பர்ச்சரை வைக்கும் வளையம் இருந்தால் தனி மீட்டரோடு அது இன்னும் பல்லாண்டு ஓடும். வளையம் இல்லாதவற்றை என்ன செய்வது என்பது தனிக் கதை, அடுத்த வாரம்.

(தொடரும்)