கறுத்த காசுக்குப் புளி வேண்டாம்

கோடையில் தாமிரபரணிப் பாசனக் குளங்கள் வற்றியதும் கரம்பை மண் அள்ளும் வேலை தொடங்கிவிடும். டிராக்டரில் ஏறும் அந்த மண்ணோடு எப்போதாவது ஒரு பழைய காசும் வயலுக்கு வந்து சேரும். நகத்தளவுதான் இருக்கும். ஒரு பக்கம் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். கண்டெடுத்தவர் வீட்டுக்குப் போனதும் அடுப்படியில் தேடுவது புளியையும் உப்பையும்தான். குத்துவிளக்கு துலக்கிப் பழகிய கை அல்லவா? பத்து நிமிடத்தில் காசு செம்பு நிறத்தில் பளபளக்கும். அதிலிருந்த மீனையும் யானையையும் காணாது.

இப்போது இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. இணையத்தில் மெட்டல் டிடெக்டர் வாங்கி, ஆற்றங்கரையில் தரையைத் தடவிக்கொண்டு நடக்கும் இளைஞர்கள் அவர்கள். யூடியூபில் அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் செய்வதைப் பார்த்து வந்த ஆசை. அங்கே என்ன சட்டமோ, இங்கே அது பொருந்தாது.

இந்த ஆற்றங்கரை சாதாரணமானதல்ல. பாண்டியரின் துறைமுகமான கொற்கை இதன் முகத்துவாரப் பகுதியில் இருந்தது. ஆதிச்சநல்லூர் தாழிக்காட்டை 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அதன்பின் அலெக்சாண்டர் ரீ அங்கே அகழாய்வு செய்தார். நெல்லைச் சீமைக் காசுகளைப் பற்றி மட்டுமே லோவெந்தால் என்ற பாதிரியார் 1888இல் ஒரு நூல் வெளியிட்டார். யானையும் மீனும் பொறித்த சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசு, நிற்கும் மனித உருவம் கொண்ட சோழர் காசு, நாயக்கர் காசு, தூத்துக்குடியை ஆண்ட டச்சுக் கம்பெனியின் துட்டு, ஆங்கிலேயக் கம்பெனியின் 1808ஆம் ஆண்டுப் பத்துக் காசு என்று இந்த மண்ணுக்குள் பல காலத்துச் செம்பு கிடக்கிறது.

தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்ட ‘பெருவழுதி’ காசு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சங்க இலக்கியத்தில் மட்டுமே அறிந்திருந்த ஒரு பாண்டியப் பெயர், தமிழ் பிராமி எழுத்தில் ஒரு செப்புக் காசின் மீது கிடைத்தது. காசின் மேற்பரப்பில் மயிரிழை உயரமே மேடிட்டு நிற்கும் எழுத்துகள் அவை. ஒரு முறை பிராஸோ போட்டுத் தேய்த்திருந்தால் அந்தப் பெயரை யாரும் படித்திருக்க முடியாது.

காசு ஏன் நிறம் மாறுகிறது? செம்பு முதலில் சிவந்த பழுப்பு ஆக்சைடாக மாறும். பிறகு மண்ணின் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து அதன்மேல் பச்சைப் படலத்தைக் கட்டும். வழவழப்பாக, கெட்டியாக இருக்கும் இந்தப் பச்சை காசைக் காக்கிறது. பல நேரங்களில் எழுத்தும் உருவமும் பதிந்திருப்பதே இந்தப் படலத்தில்தான். வெள்ளிக் காசு கறுப்பது கந்தகத்தால். தூய தங்கம் மட்டும் மண்ணுக்குள் எத்தனை நூற்றாண்டு கிடந்தாலும் நிறம் மாறுவதில்லை.

பயப்பட வேண்டியது வேறொரு பச்சைக்கு. வெளிறிய நிறத்தில், தொட்டால் மாவாக உதிர்ந்தால், உள்ளே உப்பு வேலை செய்கிறது என்று பொருள். ‘வெண்கல நோய்’ என்று இதைச் சொல்வார்கள். கொற்கை, பழையகாயல் போன்ற கடலோர உப்பு மண்ணில் கிடந்த காசுகளுக்கு இந்த ஆபத்து அதிகம். காற்றில் ஈரம் இருக்கும்வரை காசு தன்னைத்தானே தின்றுகொண்டே போகும். இதை நிறுத்தும் வேலை அருங்காட்சியக வேதியியலாளருடையது. வீட்டில் செய்யக்கூடியது, காசை உலர்வாக வைப்பது மட்டும்தான். மண்ணைத் தட்டாமல் நிழலில் உலரவிட்டு, காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் ஒரு டப்பாவில் வைத்தால் போதும். கடையில் விற்கும் மலிவான பி.வி.சி. ஆல்பத்தில் செருகினால், அந்தப் பிளாஸ்டிக்கே நாளடைவில் காசை அரிக்கும். ஆசாரியிடம் கொடுத்து ஆசிட்டில் முக்குவது எல்லாவற்றையும்விட மோசம்.

ஒற்றைக் காசுக்குப் பதில் பானை தட்டுப்பட்டால் தோண்டுவதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருக்கும் காசுகளைப் பிரிக்கக் கூடாது. பானை ஓடு, அடியில் ஒட்டிய துணி நூல், சுற்றியுள்ள மண் எல்லாமே காலத்தைச் சொல்லும் சாட்சிகள். கிடந்த நிலையிலேயே கைப்பேசியில் படம் எடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்வது பின்னால் கண்டெடுத்தவருக்கே உதவும்.

இனி சட்டத்துக்கு வருவோம். ‘சொன்னால் சர்க்கார் பிடுங்கிக்கொள்ளும்’ என்ற பேச்சு ஊருக்கு ஊர் உண்டு. 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொருளையும் அருகிலுள்ள அரசு கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது அதற்கு ஜாமீன் தர வேண்டும். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு நாளைக் குறித்து உரிமை கோருவோரை அழைப்பார். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. நிலத்துக்காரர் என்று யாரும் கோரி வராவிட்டால் முழுவதும் கண்டெடுத்தவருக்கே. நிலத்துக்காரர் வேறு, கண்டெடுத்தவர் வேறு என்று சட்டம் பிரித்தே பார்க்கிறது. மண்வெட்டி பிடித்த கூலியாள் இதை மறக்கக் கூடாது. மறைத்தால் பங்கு போய்விடும். ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

ஆனால் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அரசு அந்தப் பொருளைத் தானே வைத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். தங்கத்துக்கு இது பரவாயில்லை. சில கிராம் செம்புக்கு என்ன கிடைக்கும்? டீக்காசுகூடத் தேறாது. அதே காசுக்குச் சேகரிப்பாளர் பல ஆயிரம் கொடுக்கத் தயாராக இருக்கும்போது, அரிய செப்புக் காசுகள் ஆட்சியர் அலுவலகத்தை எட்டிப் பார்க்காததில் வியப்பில்லை. இந்த விதியைத் திருத்தாமல் மக்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல.

முறையாகத் தெரிவித்த இடங்களும் உண்டு. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் சுத்தம் செய்தபோது ஒரு பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. அவை எண்ணி, எடை போட்டு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியில் அரைக் கிலோவுக்கு மேல் தங்கம் வெளிப்பட்டபோது, ‘எங்கள் சாமி நகை’ என்று ஊர்மக்கள் தர மறுத்தார்கள். வருவாய்த் துறையினர் பேசிப் பேசித்தான் வாங்க முடிந்தது.

மெட்டல் டிடெக்டர்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆதிச்சநல்லூர் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அத்தகைய இடங்களில் உரிமமின்றி அகழ்வது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. நூறாண்டுக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். துபாய்க்குப் போகும் பெட்டியில் ஒன்றிரண்டைப் போட்டுக்கொண்டாலும் இதே கதைதான். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது.

கறுத்த காசை வைத்து ஏமாற்றும் கும்பல்களும் கொஞ்சமல்ல. ‘ரைஸ் புல்லர்’, இரிடியம் என்று சொல்லி அரிசியை இழுக்கும் சக்தி பழைய செம்புக்கு உண்டு என்பார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. ராமர் பட்டாபிஷேகமும் ‘1818 ஈஸ்ட் இந்தியா கம்பெனி’ என்ற எழுத்தும் உள்ள காசு கம்பெனி அச்சடித்ததே அல்ல, பின்னாளில் செய்த போலி. பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரில் வரும் அழைப்புகளை நம்ப வேண்டாமென அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

படித்துறையில் கிடைக்கும் கறுத்த காசுகளில் பெரும்பாலானவை பக்தர்கள் வீசிய நம் காலத்து நாணயங்கள்தான். அவை புதையலல்ல. ஆனால் செல்லுபடியாகும் நாணயத்தை உருக்குவது 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

உண்மையிலேயே பழையது என்று தோன்றினால், பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டி விசாரிக்கலாம். ஆட்சியருக்கான மனுவில் கிடைத்த பொருளின் தன்மை, எண்ணிக்கை அல்லது உத்தேச மதிப்பு, இடம், தேதி ஆகியவை இருக்க வேண்டும். சர்வே எண்ணையும் படத்தையும் சேர்ப்பது நல்லது. கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ வாய்மொழியாகச் சொன்னதோடு நிறுத்தாமல், மனுவின் நகலில் தேதியிட்ட முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். பொருளை ஒப்படைக்கும்போது எடையும் எண்ணிக்கையும் எழுதிய ரசீது கேட்க வேண்டும். ஆறு மாதமாகியும் தகவல் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.