திருப்பூர் அட்டை, பஞ்சுக் கழிவில் காசு வருமா? தெர்மாகோலுக்குப் போட்டியாக வருது காளான் பூஞ்சை!

திருப்பூர்:
ராயபுரம் பக்கம் பனியன் கம்பெனி இருக்கிற சந்துகளில் கட்டிங் வேஸ்ட் மூட்டைக்கும், கிழிந்த அட்டைப் பெட்டிக்கும் பஞ்சமே இல்லை. இதில் வெள்ளைக் காட்டன் கட்டிங்குக்கு எப்போதும் கிராக்கி உண்டு. அதை மறுபடி பஞ்சாக்கி, ஓ.இ. மில்லில் நூலாக்கி விடுகிறார்கள். நைந்த அட்டை, அழுக்குத் துண்டு, தூசிப் பஞ்சுக்குத்தான் விலை கிடைப்பதில்லை.

இந்த மாதிரி கழிவில் காளான் பூஞ்சையை வளர்த்து, தெர்மாகோல் போன்ற பேக்கிங் கட்டைகளை செய்யும் தொழில் உலகம் முழுக்க பேசப்படுகிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

வெள்ளை நூல்தான் பசை

காளான் வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். வைக்கோல் பெட்டில் விதை போட்ட சில நாளில் உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல் படரும். அதற்கு பேர்தான் மைசீலியம். நாம் சாப்பிடுகிற காளான் அதற்கு அப்புறம் முளைப்பது.

வைக்கோல், மரத்தூள், தென்னை நார்க் கழிவு, அட்டை என்று எதைக் கொடுத்தாலும் இந்த நூல் அதைத் தின்றுகொண்டே இறுக்கிப் பின்னி விடும். தனியாக பசையோ, கெமிக்கலோ தேவையில்லை.

செய்முறையும் சுலபம்தான். கழிவை சின்னதாக வெட்டி, நனைத்து, ஆவியில் வேக வைக்கிறார்கள். வேறு பூசணம் வராமல் இருக்கத்தான் இந்த வேலை. ஆறியதும் காளான் விதையைக் கலந்து, வேண்டிய வடிவ அச்சில் அடைக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அச்சு முழுக்க நூல் படர்ந்து கெட்டியாகி விடும். அதை எடுத்து சூட்டில் காய வைத்தால் பூஞ்சை செத்துவிடும். லேசான கட்டை ரெடி!

சென்னை ஐ.ஐ.டி. சோதனை

அமெரிக்காவில் 2007-ல் தொடங்கிய எக்கோவேட்டிவ் கம்பெனிதான் இதில் முன்னோடி. டெல் கம்பெனி 2011-ல் தன் கம்ப்யூட்டர் சர்வர்களை இந்தக் கட்டையில் வைத்து அனுப்பிப் பார்த்தது. அந்த நாட்டு விவசாயத்துறை விஞ்ஞானிகளும் எக்கோவேட்டிவும் சேர்ந்து, பருத்திச் செடி, காய் ஓட்டுக் கழிவிலும் இதைச் செய்து 2012-ல் முடிவை வெளியிட்டனர்.

வடக்கே பஞ்சாப், அரியானா வயல்களில் எரிக்கிற வைக்கோலை வாங்கி, தாரக்ஷா என்ற கம்பெனி பேக்கிங் கட்டை செய்கிறது.

நம்ம மாநிலத்திலும் வேலை நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் லட்சுமிநாத் குந்தனாட்டி குழுவினர் சிப்பிக் காளான், கனோடெர்மா ஆகிய இரண்டு பூஞ்சைகளை அட்டை, மரத்தூள், பேப்பர், தென்னை நார்க் கழிவு, வைக்கோலில் வளர்த்துப் பார்த்தனர். இதில் அட்டையில் வளர்ந்த கனோடெர்மா, தெர்மாகோலை விட அதிக அழுத்தம் தாங்கியது என்று 2025-ல் அறிவித்தனர். இதற்காக நேச்சர்வொர்க்ஸ் என்ற கம்பெனியையும் தொடங்கி இருக்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நமக்கு என்ன லாபம்?

பனியனுக்கு இந்தக் கட்டை தேவையே இல்லை. பனியன் கீழே விழுந்தால் உடையவா போகிறது? ஆனால் பக்கத்திலேயே கோவையில் கிரைண்டரும், மோட்டார் பம்பும் தயாராகின்றன. உடையும் பொருளை அனுப்பும் எந்தத் தொழிலுக்கும் முட்டுக் கட்டை வேண்டும். குப்பை நம்ம ஊரில், வாங்குகிறவர் பக்கத்து ஊரில். கணக்கு இங்கேதான் இடிக்காமல் வருகிறது.

பஞ்சுக் கழிவில் பூஞ்சை நன்றாக வளரும். ஹாங்காங்கில் 1970-களிலேயே பஞ்சுக் கழிவில் காளான் வளர்த்து விற்றார்கள். ஆனால் பாலியஸ்டர், லைக்ரா கலந்த துணியை பூஞ்சை தின்னாது. அந்த இழை அப்படியே கிடக்கும். அப்புறம் "மண்ணில் மக்கும்" என்று சொல்லி விற்க முடியாது. ஆகவே காட்டனையும் கலப்புத் துணியையும் தனித்தனியாகப் பிரிக்கத் தெரிந்த ஆளுக்குத்தான் இதில் மதிப்பு. அந்த வேலை தெரிந்தவர்கள் நம்ம ஊரில் ஏராளம்.

தென்னந்தோப்புக்காரர்களே, உஷார்!

குறையும் இருக்கிறது. இந்தக் கட்டை தண்ணீரை உறிஞ்சும். மழையில் நனைந்தால் வீண். தெர்மாகோல் நிமிஷத்தில் தயாராகும், இதற்கு நாள் கணக்கில் ஆகும். எனவே அதே விலைக்குக் கொடுப்பது கஷ்டம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தென்னை மரத்தைச் சாய்க்கும் தஞ்சாவூர் வாடல் நோய்க்கு காரணம் கனோடெர்மா இனப் பூஞ்சைதான். சரியாக சூடு காட்டாத கட்டையையோ, மிச்ச விதையையோ தோப்பில் கொட்டக் கூடாது. காங்கயம், உடுமலை பக்கம் இதை மறந்தால் வினைதான்.

முன்பணம் கொடுக்காதீங்க!

வெளிநாட்டில் மைலோ என்ற காளான் தோல் பெரிய பேர் எடுத்தது. முதலீடு கிடைக்காமல் 2023-ல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பேர் வேறு, வியாபாரம் வேறு.

"பணம் கட்டுங்க, விதை தர்றோம், விளைஞ்சதை நாங்களே வாங்கிக்கிறோம்" என்று யாராவது வந்தால் 2012-ல் பெருந்துறையில் வெடித்த ஈமு கோழி மோசடியை நினைத்துக் கொள்ளுங்கள். வாங்குகிற கம்பெனி யார், ஆர்டர் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆசை இருப்பவர்கள் முதலில் சாப்பிடுகிற காளானில் கை பழகுவது நல்லது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் காளான் வளர்ப்புக்கு பயிற்சி தருகிறார்கள். பெட்டில் நூல் சரியாகப் படருகிறதா, பச்சைப் பூசணம் வருகிறதா என்று கண் பழகிவிட்டால், கட்டை செய்கிற தொழில் இங்கே வரும்போது முதல் வேலை அவர்களுக்குத்தான்.