இரும்பை இழுத்துப் பார்த்தவர்

ரப்பர்த் துண்டு ஒன்று, உருக்குக் கம்பி ஒன்று. இவ்விரண்டில் மீள்தன்மை மிகுந்தது எது என்று வினவினால், வீட்டிலுள்ள சிறுவர் முதல் பெரியவர் வரை "ரப்பர்" என்றே விடை பகர்வர். நாமும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தோம். பௌதிக சாஸ்திரிகளோ உருக்கையே சுட்டுகின்றனர். எளிதாய் நீள்வது அவர்களுக்குப் பெரிதன்று. இழுப்பை எவ்வளவு வன்மையாய் எதிர்க்கிறது, விட்டபின் எவ்வளவு சரியாய்ப் பழைய அளவுக்குத் திரும்புகிறது என்பதே அவர்கள் கணக்கு.

1 மீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள உருக்குக் கம்பியில் 5 கிலோ நிறையைத் தொங்கவிட்டால், அது நீள்வது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். 10 கிலோவானால் அதைப்போல் இரு மடங்கு. நிறையை எடுத்துவிட்டால் கம்பி ஒன்றும் நடவாததுபோல் பழைய நீளத்துக்கு வந்துவிடும். பாரம் ஏற ஏற நீளமும் அதே விகிதத்தில் ஏறும் என்னும் இந்த நியதியைக் கண்டவர் இங்கிலாந்து தேசத்து ராபர்ட் ஹூக். வில்சுருளால் ஓடும் கடிகாரத்தைப் பற்றிய தம் யோசனையைப் பிறர் கவர்ந்துவிடுவரோ என்று அஞ்சியவர் அவர். ஆகவே 1676-ல் இந்நியதியை எழுத்துக்களைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக அச்சிட்டுவிட்டு, 1678-ல்தான் அதை அவிழ்த்துக் காட்டினார்! அறிஞர்களுக்கும் நம் மாமியார்களைப்போல் கைப்பக்குவத்தை மறைக்கும் ஆசை உண்டு போலும்.

ஆனால் இந்நியதிக்கு ஓர் எல்லையுண்டு. மேற்சொன்ன கம்பி மென்மையான உருக்காயின், சுமார் 20 கிலோ அளவில் அது மீளும் சக்தியை இழக்கிறது. அதன்பின் நிறையை எடுத்தாலும் நீண்டது நீண்டதுதான். மேலும் ஏற்றினால் ஓரிடத்தில் இடை சிறுத்து அறும். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. இழுத்துத்தான் பார்க்க வேண்டும். பாலத்தின்மேல் ரயிலில் செல்வோரின் உயிர் அந்த எண்ணில் இருக்கிறது.

இதைத் தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் டேவிட் கிர்கால்டி. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரையடுத்து 1820-ல் பிறந்தவர். கிளாஸ்கோவில் நேப்பியர் என்பாரின் தொழிற்சாலையில் படம் வரையும் வேலை பார்த்தபோது, 1858 முதல் 1861 வரை இரும்பையும் உருக்கையும் நூற்றுக்கணக்கான துண்டுகளாக்கி இழுத்து முறித்துப் பார்த்தார். அக்காலத்தில் ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. நாரோடிய நல்ல இரும்பு நாள்பட்ட உழைப்பினால் கற்கண்டுபோல் மணிமணியாக மாறி உடைந்துவிடும் என்பர். கிர்கால்டி ஒரே இரும்பில் இரண்டு தோற்றத்தையும் காட்டினார். மெல்ல இழுத்து முறித்தால் நார் தெரியும். சட்டென்று முறித்தால் மணி தெரியும். அதாவது, முறிந்த முகத்தைப் பார்த்து இரும்பின் குணத்தைச் சொன்ன பெரிய பெரிய நிபுணர்கள் எல்லாரும் முறித்த விதத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தனர்.

பின்னர் அவர் தம் சொந்தச் செலவில் ஒரு யந்திரத்தைச் செய்வித்தார். 47 அடிக்கு மேல் நீளம். 116 டன் எடை. 10 லட்சம் பவுண்டு விசையோடு இழுக்கவல்லது. 1866 ஜனவரி முதல் தேதி லண்டனில் சௌதுவார்க் பகுதியில் அது வேலை தொடங்கிற்று. 1874-ல் அதே பகுதியில் தாமே கட்டிய கட்டடத்துக்கு அதை மாற்றினார். அதன் வாசலுக்கு மேல் கல்லில் பொறித்த வாசகம்: "உண்மைகள், அபிப்பிராயங்கள் அல்ல." தம் சரக்கு உயர்ந்தது என்று விளம்பரம் செய்த ஆலை முதலாளிகளுக்கு இவ்வாசகம் இனித்திராது என்பது திண்ணம்.

1879 டிசம்பர் 28-ஆம் தேதி, ஞாயிறு இரவு. கடும் புயல். டண்டீக்குச் செல்லும் டே நதிப் பாலத்தில் ரயில் வண்டி ஏறியது. சுமார் இரண்டு மைல் நீளமுள்ள அப்பாலம் திறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதைக் கட்டிய தாமஸ் பௌச்சுக்கு அவ்வாண்டில்தான் விக்டோரியா ராணி 'சர்' பட்டம் அளித்திருந்தார். நடுவிலிருந்த உயரமான பகுதி முழுவதும் வண்டியோடு ஆற்றில் வீழ்ந்தது. வண்டியிலிருந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரணையில், நதியிலிருந்து எடுத்த துண்டுகள் கிர்கால்டியின் யந்திரத்துக்கு வந்தன. தாம் பிறந்த ஊருக்குப் போகும் பாலத்தின் எலும்புகளை அவர் இழுத்துப் பார்க்க நேர்ந்தது. பாலத்தின் தூண்கள் வார்ப்பிரும்பு. அவற்றைக் குறுக்கே பிணைத்த சட்டங்கள் தேனிரும்பு. சட்டங்களை மாட்டுவதற்காகத் தூண்களில், பாத்திரத்துக்குக் காது வைப்பதுபோல், காதுகளைச் சேர்த்தே வார்த்திருந்தனர். சட்டங்கள் தாங்கின, காதுகளோ எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த பாரத்திலேயே உடைந்தன. துளைகளைக் கடைந்தெடுக்காமல் வார்ப்பிலேயே விட்டமையால் அவை ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகியிருந்தன. ஆணி துளை முழுவதும் பதியாமல் ஒரு விளிம்பில் மட்டும் தாங்கியது. பாரமெல்லாம் அந்த விளிம்பில்!

இன்னொன்றும் விசாரணையில் வெளிப்பட்டது. தூண் வார்ப்புக்களில் இருந்த குழிகளைத் தேன்மெழுகு, இரும்புத் தூள், புகைக்கரி இவற்றைக் குழைத்து அடைத்து மறைத்திருந்தனராம். ஓட்டைக் குடத்துக்கு மெழுகு அடைக்கும் வித்தையை நாமறிவோம். ஆனால் அக்குடத்தின்மேல் எவரும் குடும்பத்தோடு பிரயாணம் செய்வதில்லை.

பௌச் 1880-லேயே காலமானார். புதிய பாலம் 1887-ல் திறக்கப்பட்டது. கிர்கால்டி 1897-ல் மறைந்தபின் மகனும் பேரனும் சோதனைச் சாலையை நடத்தினர். 1983 முதல் அது காட்சிச் சாலையாக இருந்து வருகிறது. அந்த நீண்ட யந்திரம் இன்றும் கீழ்த்தளத்தில் அதே இடத்தில் கிடக்கிறது. வாசல் எழுத்துக்களும் அழியவில்லை.