ஒரே ஜன்னல் உள்ள கம்ப்யூட்டர்

தாம்பரம் ஸ்டேஷனில் தானியங்கி டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் நிற்பவர், தான் ஒரு கம்ப்யூட்டரைத் தொடுகிறோம் என்று நினைப்பதில்லை. குரோம்பேட்டையைத் தொட்டு, போக மட்டுமா, போய்வரவா என்று சொல்லி, பணம் கட்டினால் சீட்டு வரும். ஸ்டார்ட் மெனு கிடையாது, ஃபோல்டர் கிடையாது, ஜன்னலை மூட மூலையில் பெருக்கல் குறிகூட இல்லை. ஜட்கா குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோல, முழுக் கம்ப்யூட்டருக்கும் ஒரே வழியைத்தான் காட்டியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் கியோஸ்க் மோடு.

எப்படிக் கட்டுகிறார்கள்? வால்பேப்பரும் ஐகான்களுமாக நாம் பார்க்கும் டெஸ்க்டாப்பே ஒரு புரோகிராம்தான். லினக்ஸில் லாகின் ஆனதும், எதை ஓட்ட வேண்டும் என்று ஒரு சின்ன ஃபைல் சொல்கிறது. அது ஓடும்வரைதான் அந்த செஷன். வழக்கமாக அங்கே க்னோம், எக்ஸ்எஃப்சிஇ போன்ற டெஸ்க்டாப்பின் பெயர் இருக்கும். அதை அழித்துவிட்டு ஒரு பிரவுசரின் பெயரை எழுதி, முழுத்திரையில் திற என்றால் வேலை முடிந்தது. பாதி முடிந்தது என்பதே சரி. கீபோர்டு இருந்தால் ஆல்ட்-எஃப்4 போன்ற சாவிகளை அடைக்க வேண்டும். ரைட் கிளிக், யுஎஸ்பி துளை எல்லாம் திருட்டு வாசல்கள்.

எனக்குப் பிடித்த சூட்சுமம் வேறு. பிரவுசர் செயலிழந்தால் செஷனும் முடியும்; தானாக லாகின் ஆகும்படி முன்பே அமைத்திருப்பதால், கம்ப்யூட்டர் உடனே மறுபடி லாகின் செய்து, அதே பக்கத்தைத் திறக்கும். விழுவதே எழுவதற்கான வழி.

சர்வரை நம்பியே ஓடும் தின் கிளையன்ட் இன்னும் ஒரு படி மேலே. ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம். சுவிட்சைப் போட்டதும் நெட்வொர்க் வழியாக முகவரி கேட்டு வாங்கி, இயங்குதளத்தையும் சர்வரிடமிருந்தே இறக்கிக்கொள்ளும். 1999இல் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட் பழைய கம்ப்யூட்டர்களை இப்படித்தான் உயிர்ப்பித்தது. பள்ளி லேபுக்கு முழு டெஸ்க்டாப்பைக் கொடுக்கலாம், நூலகத்தில் புத்தகம் தேடும் திரைக்குக் கியோஸ்க் போதும். இரண்டையும் ஒரே சர்வர் கவனிக்கும்.

வேலையைத் தூரத்துக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடுவதை ரயில்வே முன்பே செய்துவிட்டது. 1980களில் வந்த முன்பதிவு கவுன்டர்களில் இருந்தவை எழுத்தை மட்டும் காட்டும் ஊமை டெர்மினல்கள். கணக்கெல்லாம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களில் நடந்தது. தாம்பரத்தில் தட்டினால் சென்னையில் சீட் தேடப்படும். இணைப்பு அறுந்தால் கவுன்டர் திரையால் எதுவும் செய்ய முடியாது. “சர்வர் டவுன் சார்” என்று கிளார்க் சொல்லும்போது, வரிசையில் நிற்பவர்கள் அதைச் சாக்கு என்று முணுமுணுப்பார்கள். அவரோ உள்ளதைத்தான் சொல்கிறார்.